பதினேழில் ஒரு பங்கு

எங்கள் ரப்பர் தோட்டத்து லயத்தில் வரிசையாகப் பதினேழு வீடு. தீபாவளிக்கு அறுப்பது ஒரே ஒரு ஆடு. அதைப் பதினேழு கூறாகப் போட வேண்டும். கூறு போடுவது லேசுப்பட்ட காரியம் இல்லை. தொடைக்கறியில் கொஞ்சம், நெஞ்செலும்பில் கொஞ்சம், ஈரல் ஒரு விரற்கடை, குடல் ஒரு பிடி என்று வாழையிலையில் பதினேழு குவியலாக வைத்துக்கொண்டே வருவார்கள். வைத்து முடித்ததும் அந்தக் கூறு பெரிசு, இந்தக் கூறு சிறிசு என்று சண்டை ஆரம்பிக்கும். வருஷம் தவறியதே இல்லை. கறியைவிடச் சண்டைக்காகத்தான் நாங்கள் பிள்ளைகள் சுற்றி நிற்போம்.

அந்த வருஷம் என் அண்ணன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். சண்டை முற்றின நேரத்தில், ஓரமாகக் குந்தியிருந்தவன், "ஒரு ஆட்டப் பத்துப் பத்தா வெட்டிக்கிட்டே போனா, பதினேழு வீட்டுக்கும் சரிசமமா குடுக்கவே முடியாது. எப்பவும் மிச்சம் நிக்கும்," என்றான். எங்கள் வேலையை மேய்க்கிற மண்டோர்தான் கத்தி பிடித்திருந்தார். "மிச்சம் நின்னா நீயே எடுத்துக்க," என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அண்ணன் சிரிக்கவில்லை. அவன் அப்போதே மனசுக்குள் வகுக்க ஆரம்பித்திருந்தான்.

சாயங்காலம் அடுப்புக்கரியை எடுத்து வீட்டுச் சுவரில் போட்டுப் பார்த்தான். எனக்குச் சொல்லிக்கொடுத்தான் என்று சொல்ல முடியாது. அவன் தனக்காகப் போட்டான், நான் பின்னால் நின்றுகொண்டு நச்சரித்தேன். எனக்கு அப்போது ஒன்பது வயது, அவனுக்குப் பதினெட்டு. ஆட்டைப் பத்துத் துண்டு போடு. பதினேழு வீட்டுக்குப் பத்து காணாது, ஆகவே வீட்டுக்குச் சைபர். அந்தப் பத்தையும் பத்துப் பத்தாக வெட்டினால் நூறு. வீட்டுக்கு ஐந்து போக மிச்சம் பதினைந்து. அதையும் பத்துப் பத்தாக வெட்டினால் நூற்றைம்பது. வீட்டுக்கு எட்டு போக மிச்சம் பதினான்கு. இப்படியே போனால் துண்டு கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சின்னதாகிவிடும், மிச்சம் மட்டும் தீராது. பதினாறாவது தரம் வெட்டிக் கொடுத்தபிறகு கையில் ஒரே ஒரு துண்டு நிற்கும். ஒரு ஆட்டில் ஆரம்பித்த கணக்கு ஒரு துண்டில் வந்து நிற்கும். அங்கிருந்து மறுபடி அதே சைபர், அதே ஐந்து, அதே எட்டு.

"அப்ப அந்தத் துண்டு யாருக்கு?" என்று கேட்டேன்.

"யாருக்கும் இல்ல," என்றான். அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அவன் முகத்தில் அதற்குமுன் பார்த்ததில்லை.

சுவரில் விழுந்தது 0588235294117647. தலையில் இருக்கிற சைபரைத் தள்ளி வாசித்தால் ஐந்து கோடியே எண்பத்தெட்டு லட்சத்து இருபத்து மூவாயிரத்து ஐந்நூற்று இருபத்தொன்பது கோடியே நாற்பத்தொரு லட்சத்துப் பதினேழாயிரத்து அறுநூற்று நாற்பத்தேழு. அண்ணன் இதை மூச்சு விடாமல் சொல்லுவான். நான் இன்றைக்கும் சொல்லுவேன், எனக்கு எழுபதைத் தாண்டிவிட்டது, நேற்று என்ன குழம்பு வைத்தேன் என்பது மறந்துவிடுகிறது, இது மறக்க மாட்டேன் என்கிறது.

அடுத்து வந்த நாட்களில் அண்ணன் அந்த எண்ணைப் போட்டுப் புரட்டி எடுத்தான். இரண்டால் பெருக்கினான். 1176470588235294 வந்தது. நன்றாகப் பாருங்கள், அதே எண்கள், அதே வரிசை, ஆரம்பிக்கிற இடம் மட்டும் வேறு. மூன்றால் பெருக்கினாலும் அப்படியே, நான்கால் பெருக்கினாலும் அப்படியே, பதினாறு வரைக்கும் எதால் பெருக்கினாலும் அப்படியே. "கும்மியடிக்கிற பொம்பளைங்க மாதிரி. ஒருத்தியும் எடம் மாறல, வட்டந்தான் நகருது," என்பான். பதினேழால் பெருக்கினால் கும்மி கலைந்து பதினாறு ஒன்பதும் வரிசையாக வந்து நிற்கும். எண்ணை நடுவில் ஒடித்து முதல் பாதியையும் இரண்டாம் பாதியையும் கூட்டினாலும் ஒன்பதாகவே விழும். ஒரு எண்ணை மாற்றினால் போதும், இது ஒன்றுமே நடக்காது. "ஒண்ணு தப்பினா அவ்வளவுதான், அது வேற நம்பர்," என்று சொல்லுவான். நான் தப்பாமல் சொல்லுவேன். அதற்காக அவன் என்னைக் கணக்குப்புலி என்பான். அந்தப் பட்டத்தை நான் லயம் பூராவும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அண்ணன் தோட்டப் பள்ளியில் ஆறாவது முடித்தவன். அதற்குமேல் படிக்கச் சிரம்பானுக்குப் போக வேண்டும். யார் அனுப்புவது? அப்பா, ஜப்பான்காரன் காலத்தில் சயாமுக்கு ரயில் ரோடு போடப் பிடித்துக்கொண்டு போனவர், வரவில்லை. நான் அப்போது கைக்குழந்தை. அம்மா அவர் வருவார் என்றும் சொல்ல மாட்டாள், செத்துவிட்டார் என்றும் சொல்ல மாட்டாள். அண்ணன் பன்னிரண்டு வயதில் பால் வெட்டுகிற கத்தியைப் பிடித்தான். வெட்டுகிற நேரத்திலும் வாய் முணுமுணுத்துக்கொண்டே இருக்கும். மந்திரம் சொல்லுகிறான் என்று பக்கத்து மர வரிசையில், அடுத்த நெரையில் வெட்டுகிறவர்கள் கேலி செய்வார்கள்.

அது, வெள்ளைக்காரன் கம்யூனிஸ்டுகளோடு சண்டை போட்ட எமர்ஜென்சி காலம். லயத்தைச் சுற்றி முள்கம்பி போட்டுவிட்டார்கள். காட்டுக்குள் துப்பாக்கியோடு இருந்தவர்களுக்கு யாரும் சோறு கொடுத்துவிடக் கூடாதாம். ஆகவே விடியற்காலை ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் பேர் கொடுத்து, கம்பி வாசலில் வரிசையாக நின்று, மடியை அவிழ்த்துக் காட்டி, வாளியைக் கவிழ்த்துக் காட்டித்தான் வேலைக்குப் போக முடியும். சோறு கூடாது, சீனி போட்ட தேத்தண்ணி கூடாது. வெறும் வயிற்றில் போய்ப் பகல் வரைக்கும் வெட்டிவிட்டு வர வேண்டும். அம்மாவின் சுண்ணாம்பு டப்பாவை மட்டும் விட்டுவிடுவார்கள். பழைய சிகரெட் டின் அது. வெற்றிலைக்கும் ஆச்சு, காலில் ஏறுகிற அட்டைக்கும் ஆச்சு. முதல் நாள் சோதனை போட்ட மலாய்க்காரப் பெண் அது அரிசி மாவு என்று நினைத்து நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டாள். அதற்கப்புறம் அந்த டின்னைக் கண்டாலே போ போ என்று கையை ஆட்டுவாள்.

பள்ளிக்கூடத்து வாத்தியார் பயந்துகொண்டு சிரம்பானுக்கு மாற்றல் வாங்கிப் போய்விட்டார், பதிலுக்கு யாரும் வரவில்லை. அதனால் நானும் அம்மாவோடு வேலைக்காட்டுக்குப் போவேன். பால் வடிகிற மங்குக் கிண்ணத்தில் காய்ந்து ஒட்டியிருக்கிற ஒட்டுப்பாலை உரித்துக் கூடையில் போடுவது என் வேலை. அது அரைநாள் வேலைக்குக் காணாது. மீதி நேரம் பசி.

அன்றைக்கும் அப்படித்தான். அம்மா பால் எடுக்கப் போய்விட்டாள். எங்களுக்குப் பக்கத்தில் ஒரு நெரை, ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டுவது. அன்றைக்கு அதற்கு ஓய்வு, மறுநாள் அண்ணன் வெட்ட வேண்டியது. செம்மண் ரோட்டில் ஆரம்பித்து நேராக இறங்கி லிங்கி ஆற்றுப் பக்கத்துச் சதுப்புக் காட்டில் போய் முட்டுகிற நெரை அது. எனக்கு ஒரு யோசனை வந்தது. மரத்துக்கு ஒரு எண்ணாக எழுதிக்கொண்டே போனால், அண்ணன் நாளைக்கு ஒவ்வொரு மரமாக வெட்டிக்கொண்டு வரும்போது அவனுடைய எண் அவன்கூடவே வரும். முணுமுணுக்கவே வேண்டாம். பதினாறு மரத்துக்கு ஒருதரம் முடிந்து மறுபடி தொடங்கும். யார் எழுதியது என்று சொல்ல மாட்டேன், அவனே கண்டுபிடிக்கட்டும் என்று நினைத்தேன். அம்மா வைத்துவிட்டுப் போன சுண்ணாம்பு டின்னை எடுத்துக்கொண்டேன். விரலை விட்டுத் தோய்த்து, ரோட்டோர முதல் மரத்தில் ஒரு சைபர் போட்டேன். கருத்த பட்டையில் பளிச்சென்று விழுந்தது. அடுத்த மரத்தில் ஐந்து. அதற்கடுத்து எட்டு, இன்னொரு எட்டு. விரல் எரிந்தது. பாவாடையில் துடைத்துக்கொண்டு ஆற்றுப் பக்கம் கடைசி மரம் வரைக்கும் போய்விட்டுத்தான் வந்தேன்.

டின்னைத் திறந்து பார்த்த அம்மா முதுகில் ஒன்று வைத்தாள். எங்கே கொட்டினாய் என்று கேட்டாள். மரத்தில் எழுதினேன் என்றேன். "மரத்துல எழுதறதுக்கு நீ என்ன ஆபீசுல கணக்கெழுதற கிராணியா?" என்று இன்னொன்று வைத்தாள். அதோடு அது முடிந்தது.

அன்று இரவு காட்டுக்காரர்கள் வந்து பால் ஸ்டோருக்குத் தீ வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். மறுநாள் பெரட்டு இல்லை, வேலை இல்லை, வாசற்படியை விட்டு இறங்கக் கூடாது என்று ஊரடங்கு. அண்ணன் அந்த நெரைக்குப் போகவே இல்லை. பட்டாளத்துக்காரர்கள்தான் போனார்கள்.

பகலில் எங்கள் எல்லாரையும் பெரட்டுக் களத்தில் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். பட்டாளத்துத் துரை ஒருவர், சின்ன வயசு, வெயிலில் சிவந்துபோன கழுத்து. அவர் பேசுவதைத் தமிழில் சொல்லச் சிரம்பானிலிருந்து கண்ணாடி போட்ட ஒரு தமிழரைக் கூட்டி வந்திருந்தார்கள். அந்தத் தமிழர் ஒரு நோட்டுப் புத்தகத்தைப் பிரித்து வாசித்தார். சைபர், அஞ்சு, எட்டு, எட்டு, ரெண்டு.

எனக்கு ஒரே சந்தோஷம். உண்மையைச் சொல்கிறேன், என் கணக்கை இத்தனை பேர் முன்னால் வாசிக்கிறார்கள் என்று எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போனது. எழுந்திருக்கப் போனேன். அம்மாவின் கை என் முழங்கையைப் பிடித்தது. அப்படி ஒரு பிடியை அவள் அதுவரை பிடித்ததில்லை. அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தான். என் வலது கைச் சுட்டுவிரலில் சுண்ணாம்பு பட்டுத் தோல் வெந்து உரிந்திருந்தது. அதைப் பார்த்தான். தன் துண்டை எடுத்து என் மடியில் போட்டான், கை மேல்.

கண்ணாடிக்காரர் வாசித்து முடித்துவிட்டு, "இது ரோட்டுலேர்ந்து காட்டு வரைக்கும் எழுதியிருக்கு. எழுதினவன் யாருன்னு இப்பவே சொல்லிடுங்க. இல்லன்னா லயத்தையே காலி பண்ணி லோரியில ஏத்திடுவாங்க," என்றார்.

எங்கேயோ ஒரு கைக்குழந்தை அழுதது. அண்ணன் எழுந்து நின்றான். "நான்தான் எழுதினேன்," என்றான்.

அம்மாவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. பேச்சு இல்லை, வெறும் சத்தம். அவளுக்கு இரண்டு பிள்ளைகள். ஒன்றைக் காட்டிக்கொடுத்து இன்னொன்றைக் காப்பாற்றுகிற நேரம் அது, அதைச் செய்ய அவளால் முடியவில்லை. என்னை விட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேன். பிள்ளையை ஏவி எழுத வைத்தார்கள் என்று மூன்று பேரையும் கொண்டுபோயிருப்பார்கள், அதுவும் சரிதான். இப்படியெல்லாம் எத்தனையோ வருஷமாக யோசித்துப் பார்த்துவிட்டேன், எந்தப் பக்கம் போனாலும் வழி அடைத்துத்தான் கிடக்கிறது.

துரை அண்ணனை முன்னால் கூப்பிட்டு இது என்ன ரகசிய எழுத்து என்று கேட்கச் சொன்னார். என் அண்ணன் பேச ஆரம்பித்தான். ஐயோ, அவன் எப்படிப் பேசினான். அத்தனை நாளும் அவனிடம் யாரும் அதைப்பற்றிக் கேட்டதில்லை. ஆட்டில் ஆரம்பித்தான். பதினேழு வீடு, பத்துப் பத்தாக வெட்டுவது, தீராத மிச்சம், கும்மி, பதினாறு ஒன்பது, ஒன்று விடாமல் சொன்னான். கண்ணாடிக்காரர் பாதியை இங்கிலீஷில் சொன்னார், மீதிக்கு நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"அந்த ஆடு எங்கன்னு தொரை கேக்குறாரு."

"தீவாளிக்கே தின்னாச்சு."

"பதினேழு கூறும் லயத்துக்குள்ளதான் போச்சா, வெளியிலயும் போச்சா?"

"உள்ளதான்," என்றான் அண்ணன். "ஆனா சார், ஆடு முக்கியம் இல்ல. தொரைய ரெண்டால பெருக்கிப் பாக்கச் சொல்லுங்க."

துரை கவிழ்த்துப் போட்ட பால்வாளி மேல் உட்கார்ந்து பெருக்கிப் பார்த்தார். பென்சில் நின்றது. மறுபடி முதலிலிருந்து பார்த்தார். அப்புறம் மூன்றால் பெருக்கினார். அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது, நான் பார்த்தேன். என் அண்ணன் முகத்தில் வந்த அதே சந்தோஷம். சரி, விட்டுவிடுவார் என்று எனக்குத் தோன்றியது. அம்மாவின் பிடிகூடத் தளர்ந்தது. துரை எழுந்து, அண்ணனைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். அவன் போட்டிருந்த பால்கறை பிடித்த அரைக்கால் சட்டையைப் பார்த்தார். கண்ணாடிக்காரரிடம் மெதுவாக ஏதோ சொன்னார்.

"இவ்வளவு மூளை உள்ளவன் இங்க என்ன பண்றான்னு கேக்குறாரு."

"பால் வெட்டுறேன்," என்றான் அண்ணன்.

அந்தப் பதிலை அவர் நம்பவில்லை. அண்ணன் கணக்குத் தெரியாத மடையனாக இருந்திருந்தால் பிழைத்திருப்பான். மண்டோர், பாவம், நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு எழுந்து, "நல்ல பையன்தான் தொரை, என்ன, எப்பவும் செவுத்துல இந்த மாதிரி எதையாச்சும் கிறுக்கிக்கிட்டே இருப்பான்," என்றார். வீட்டுக்குள் போய்ப் பார்த்தார்கள். கூரை வரைக்கும் கரியால் எண்கள். போட்டோ எடுத்தார்கள். பிறகு அண்ணனை லோரியில் ஏற்றினார்கள். அடிக்கவில்லை. அவன் கையைப் பின்னால் கட்டியிருந்ததால் எங்களைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினான்.

அன்றைக்குச் சாயங்காலமே அம்மா ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து சுவர் முழுவதையும் தேய்த்துக் கழுவினாள். கரி போகவில்லை, சுவர்தான் கறுத்தது. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை, அடிக்கவும் இல்லை. அவள் அடித்திருக்கலாம். மரத்தில் எழுதியதற்கு வாங்கிய இரண்டு அடிதான் அவள் எனக்குக் கடைசியாகக் கொடுத்தது. அதற்கப்புறம் சாகிற வரைக்கும் என்மேல் கை வைக்கவில்லை, அணைக்கவும் இல்லை.

நான்கு மாதம் கழித்துத்தான் பார்க்க அனுமதி வந்தது. பஸ்ஸில் சிரம்பான் போய், அங்கிருந்து இன்னொரு பஸ் ஏறி, தடுப்பு முகாமுக்குப் போனோம். இரண்டு வரிசைக் கம்பி, நடுவில் ஒரு ஆள் நடக்கிற அளவுக்கு இடம். அந்தப் பக்கம் அண்ணன். கன்னம் ஒட்டிப் போயிருந்தான். முடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். நடுவில் ஒரு மலாய்க்காரக் காவலர் போய் வந்துகொண்டிருந்தார், அவருக்குத் தமிழ் தெரியாது. கொஞ்ச நேரம்தான் பேச விடுவார்கள் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். அம்மா பாதி நேரத்தை அழுதே தீர்த்தாள்.

"அழுவாதம்மா. நெலமை மோசமில்ல," என்றான் அண்ணன். "அந்தத் தொரை நல்லவரு. கணக்க ஒத்துக்கிட்டாரு. ஆறு சுத்து, தொண்ணூத்தாறு மரம், ஒண்ணொண்ணா சரிபாத்துட்டாரு. அது வெறும் கணக்குதான்னு அவரே எழுதிட்டாரு. கடைசி இருபது மரந்தான் இடிக்குதாம். அது கணக்குல சேரலையாம். காட்டுக்காரனுக்கு நான் எழுதின சேதி அந்த இருபதுலதான் இருக்குன்னு மேல உள்ளவங்க சொல்றாங்களாம்."

பிறகு என்னைப் பார்த்தான். கம்பியைப் பிடித்துக்கொண்டு என் உயரத்துக்குக் குனிந்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டான்.

"நீ சொல்லு. கடைசி வரைக்கும் நம்ப நம்பரத்தான போட்ட? அலுத்துப்போயி வேற எதாச்சும் போட்டிருந்தாலும் பரவால்ல, சொல்லிடு. அண்ணன் திட்ட மாட்டேன். எனக்குத் தெரிஞ்சா போதும், அலுப்புல கிறுக்கிட்டேன்னு நானே சொல்லிக்குவேன்."

இதை நான் என் புருஷனிடம் சொன்னதில்லை, பெற்ற பிள்ளைகளிடம் சொன்னதில்லை. ஆறாவது சுற்று முடிந்தபோது சுண்ணாம்பு டின்னின் அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. சுரண்டிச் சுரண்டி எடுக்க வேண்டியிருந்தது. விரல் நெருப்பாக எரிந்தது. ஆற்றுப் பக்கம் நெருங்க நெருங்க இருட்டாக இருந்தது, புதருக்குள் என்னமோ அசைந்தது, பயம். பசி வேறு. ஓடிவிடலாம் என்றால் நெரை முடியாமல் விட மனசில்லை. அதனால் கடைசி இருபது மரத்திலும் கைக்கு வந்ததைப் போட்டுவிட்டு ஓடி வந்தேன். ஒன்று போடுவது சுலபம், ஒரே இழுப்பு, அதனால் ஒன்றுதான் நிறையப் போட்டேன். நடுவில் இரண்டு மூன்று இடத்தில் ஏழு.

அவ்வளவுதான். அதைச் சொல்லியிருக்க வேண்டும். எனக்குத் தெரியும், மறக்கவும் இல்லை. ஆனால் கம்பிக்கு அந்தப் பக்கம் குனிந்து நிற்கிற அண்ணன் முகத்தைப் பார்த்ததும் எனக்கு இருந்தது ஒரே ஒரு பயம். தப்பாகப் போட்டேன் என்று சொன்னால் இனி என்னைக் கணக்குப்புலி என்று சொல்ல மாட்டான்.

"ஒண்ணுகூடத் தப்பல," என்றேன்.

"நெசமாவா?" என்று அம்மா கேட்டாள். என் மோவாயைப் பிடித்துத் திருப்பினாள். "யோசிச்சுச் சொல்லுடி."

"மாரியாத்தா மேல சத்தியம்."

அண்ணன் கம்பியை விட்டுவிட்டு நிமிர்ந்தான். "அப்ப சரி. பட்டாளத்துக்காரன்தான் பாத்து எழுதும்போது மாத்தி எழுதியிருப்பான்," என்றான். "நான் சொல்லிடறேன்." காவலர் கடிகாரத்தைக் காட்டினார். வரும் வழியில் அம்மா எனக்குப் பஸ் நிலையத்தில், வாழைப்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்த பிசாங் கோரெங் வாங்கிக் கொடுத்தாள். ஒரு பிசிறு விடாமல் தின்றேன்.

அதன்பிறகு மூன்று மாதம் ஒரு தகவலும் இல்லை. பிறகு ஒருநாள் கிராணி அம்மாவை ஆபீசுக்குக் கூப்பிட்டு அனுப்பினார். நானும் போனேன். கிராணி எங்களை உட்காரச் சொன்னார், அவர் யாரையும் உட்காரச் சொல்கிற ஆள் இல்லை. ஒரு காகிதத்தைப் பிரித்து வாசித்தார். அண்ணனை நாடு கடத்திவிட்டார்கள். முந்தின வாரமே கப்பல் ஏற்றியாகிவிட்டது. இந்தியாவுக்கு. இந்தத் தோட்டத்து லயத்தில் பிறந்தவன், ஆற்றைத் தாண்டி அந்தக் கரைக்குப் போனதில்லை. இந்தியாவில் எங்கே இறக்கிவிடுவார்கள், யார் வீட்டுக்குப் போவான் என்று அம்மா கேட்டாள். அதெல்லாம் காகிதத்தில் இல்லை என்றார் கிராணி. பிறகு என்னை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு அம்மாவிடம் தனியாக ஏதோ சொன்னார். அண்ணனிடமிருந்து பின்னால் ஒரே ஒரு கடிதம் வந்தது, அரிசி மில் ஒன்றில் மூட்டை தூக்குவதாக. நாங்கள் போட்ட பதில் திரும்பி வந்துவிட்டது. அதோடு சரி. அப்பாவைப்போலவே அவனையும் அம்மா வருவான் என்றும் சொல்லவில்லை, செத்துவிட்டான் என்றும் சொல்லவில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது கிராணி எங்களை வீட்டுக்குப் போகச் சொன்ன அன்று நடந்ததை. அம்மா லயத்துக்குப் போகிற ரோட்டில் பாதி தூரம் நடந்தவள் அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. புல்லைப் பிடுங்கிப் பிடுங்கிப் போட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு அண்ணன் மேல் கோபம் கோபமாக வந்தது. நான்தான் அவ்வளவு தெளிவாகச் சொன்னேனே, போய்ச் சொல்வதற்கு என்ன?

"ஏம்மா, எழுதினதுல ஒரு தப்பும் இல்லன்னு அண்ணன் தொரகிட்ட சொல்லலையா?"

அம்மா நிமிர்ந்து பார்க்கவில்லை. "சொன்னானாம்," என்றாள். "அந்தக் கண்ணாடிக்காரரு கிராணிகிட்ட சொன்னாராம். அலுப்புல கிறுக்கினேன்னு ஒரு வார்த்த சொல்லுடா, விட்டுடறோம்னு தொரை கெஞ்சாத கொறையா கேட்டாராம். ஒண்ணுகூடத் தப்பு கெடையாது, ஒண்ணுகூடத் தப்பு கெடையாதுன்னு கடைசி வரைக்கும் ஒரே புடியா நின்னானாம்."

எனக்குக் கோபமெல்லாம் போய்விட்டது. அத்தனை பெரிய துரைக்கு முன்னால்கூட அண்ணன் என்னை விட்டுக்கொடுக்கவில்லை என்று பெருமையாக இருந்தது. வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அம்மாவுக்கு முன்னால் நடந்தேன்.